நீலக் கரை கட்டின ஸ்பேனர்

மோட்டார் சைக்கிளில் டூல்ஸ் பை வைத்துக்கொண்டு போகலாமா, கூடாதா என்று ஒரு ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசியது என்றால் வெளியூர்க்காரன் சிரிப்பான். சிரிக்கட்டும். கெடாருக்கு மேற்கே நாலு மைலில் இருந்த அந்த ஊரில் எண்பத்தைந்தாம் வருசம் மோட்டார் சைக்கிள் வைத்திருந்ததே இரண்டு பேர்தான். ஆளுக்கு ஒரு கட்சி.

சுப்பராயலு எஸ்டி வண்டி வைத்திருந்தார். அவர் வண்டியில் ஒரு ஸ்க்ரூ டிரைவர்கூட இருக்காது. கையில் ஸ்பேனர் இருக்கிறதென்று தெரிந்தால் போதும், ரோட்டில் நிற்கிறவன் எல்லாம் கை காட்டுவான், நாம் என்ன மெக்கானிக்கா, குடித்தனக்காரனா என்பார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. வருசத்துக்கு மூன்று தடவை அந்த எஸ்டி மாட்டு வண்டியில் ஏறித்தான் ஊருக்குள் வரும். சுப்பராயலு தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பின்னால் நடந்து வருவார். அப்போதும் அவர் கட்சி மாறியதில்லை.

துரைக்கண்ணு நேர் எதிர். டூல்ஸ் பை இல்லாமல் கெடார் கடைத்தெருவுக்குக்கூட வண்டியை எடுக்கமாட்டான். இரண்டு வருசத்துக்கு முன்னால் மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, நன்றாக விளைந்தபோது திண்டிவனத்தில் ஒரு பழைய ராஜ்தூத்தைப் பேசி முடித்தான். வண்டியோடு நேரே வீட்டுக்கு வராமல், அங்கேயே பழைய இரும்புக் கடையில் அரை நாள் குந்தி ஒவ்வொரு ஸ்பேனராகப் பொறுக்கிக்கொண்டு வந்தான். அந்தச் சாமான்களுக்குப் பை தைத்தது அவன் பெண்சாதி வெள்ளையம்மாள்.

சும்மா சொல்லக்கூடாது, அவள் தைத்த மாதிரி யாரும் தைக்க முடியாது. அவனுடைய பழைய காக்கிச் சட்டையைப் பிரித்து, தரையில் விரித்து, ஒவ்வொரு சாமானையும் மேலே வைத்துச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, பதினோரு பை தைத்தாள். சுருட்டிக் கட்டினால் முழங்கை நீளத்துக்கு ஒரு சுருள். ப்ளக் ஸ்பேனர் மட்டும் கொஞ்சம் பேஜார் பண்ணியது. குழாய் மாதிரி ஒரு துண்டு, அதன் தலையில் ஓட்டை, ஓட்டையில் சொருகித் திருப்ப ஒரு கம்பி. கம்பி கழன்று கழன்று விழுந்தது. அவள் தன் பழைய சேலையில் நீலக் கரையைக் கிழித்துக் கம்பியையும் ஸ்பேனரையும் சேர்த்துக் கட்டினாள். இரட்டை முடிச்சு.

துரைக்கண்ணு வாங்கிப் பார்த்தான். சுருட்டினான். வண்டிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் அப்படித்தான். பதினோரு வருசக் குடித்தனத்தில் குழம்பு நன்றாக இருந்தால் இன்னொரு கரண்டி கேட்பான், அவ்வளவுதான். வெள்ளையம்மாளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. சப்-சென்டருக்குப் புது நர்சம்மா வந்து சேர்ந்த பிறகுதான் எல்லாம் பெரிதாகத் தெரிய ஆரம்பித்தது.

நர்சம்மா பேர் இருதயமேரி. விழுப்புரத்துப் பக்கம் ஒரு காலனியில் பிறந்து, சிஸ்டர்மார் பள்ளிக்கூடத்தில் படித்து, கவர்மெண்ட் வேலைக்கு வந்தவள். இருபத்தெட்டு வயசு, கல்யாணம் ஆகவில்லை. இடது கையில் வாட்ச், தோளில் பை, கீழே ஒரு லூனா. பொம்பளை ஒருத்தி வண்டி ஓட்டிக்கொண்டு தெருவில் வந்ததை அந்த ஊர் அன்றுதான் பார்த்தது. மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தவர்கள் முறத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். வெள்ளையம்மாளும் நின்றாள். அன்றைக்கு அவளுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துத்தான் இருந்தது. அதையும் சொல்ல வேண்டுமில்லையா.

லூனாவுக்கு ஒரு கெட்ட வழக்கம். பத்து மைல் ஓடினால் ப்ளக்கில் கரி ஏறி நின்றுவிடும். எங்கே நின்றாலும் அந்தப் பக்கம் துரைக்கண்ணுவின் ராஜ்தூத் எப்படியோ வந்துவிடும். இது எதேச்சையா, ஏற்பாடா என்று வெள்ளையம்மாளின் மனசுக்குள் ஒரு புழு புகுந்தது. புகுத்தியது அவள் ஓரகத்தி லட்சுமியம்மாள்.

கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் லட்சுமியம்மாள் களைக்கொட்டைக் கீழே வைத்துவிட்டு, கூழைக் குடித்துக்கொண்டே, ஊர்க்கதை பேசுகிற மாதிரி பேச்சைத் தொடங்கினாள்.

"ஏரிக்கரை வளைவுல காத்தால ஒம் புருசனப் பாத்தேன், வெள்ள. அந்த லூனாவப் பிரிச்சிக்கினு குந்திக்கினு இருந்தான்."

"அவுரு யாருக்குத்தான் பாக்கல. நின்ன வண்டியக் கண்டா அவுரால சும்மா போவ முடியாது."

"அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. அந்த நர்சம்மா பக்கத்துல நின்னுக்கினு அவனுக்குக் கொடை புடிச்சிக்கினு இருந்தா. வெயிலு படக்கூடாதாம்."

வெள்ளையம்மாள் களைக்கொட்டை எடுத்து வெட்ட ஆரம்பித்தாள். களையோடு சேர்த்து நாலு மல்லாட்டைச் செடியும் போனது. குடை. பதினோரு வருசமாக அவன் ஏர் ஓட்டும்போதும், கரும்புக்குத் தண்ணீர் கட்டும்போதும் தனக்கு ஒரு நாளாவது அவனுக்குக் குடை பிடிக்கத் தோன்றியதா? குடியானவள் எவள் புருசனுக்குக் கொல்லையில் குடை பிடிப்பாள்? ஊரே சிரிக்காதா? தான் செய்ய முடியாத ஒன்றை இன்னொருத்தி நடுரோட்டில் செய்துவிட்டாளே.

அன்று சாயந்திரம் துரைக்கண்ணு வந்தபோது அவன் கட்டைவிரலில் வெள்ளையாக ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. ஸ்பேனர் வழுக்கிக் கிழித்துவிட்டது என்றான். சட்டையில் பெட்ரோல் நாற்றத்தோடு டெட்டால் வாசனையும் வந்தது. வெள்ளையம்மாள் அவன் கையைப் பிடித்து இழுத்து அந்தப் பிளாஸ்திரியைப் பிய்த்து எடுத்தாள். காயத்தில் மறுபடியும் ரத்தம் கசிந்தது. மஞ்சளை இழைத்து அதன்மேல் அப்பி, துணி கிழித்துக் கட்டினாள்.

"நல்லாத்தானே இருந்துது. எதுக்குப் பிச்ச?" என்றான்.

"எங்கூட்டுல மஞ்சளுக்கா பஞ்சம்? அம்மாம் நேரம் குந்திக்கினு அவகிட்ட என்னா பேசினீங்க?"

"என்னாத்தப் பேசுறது. ப்ளக்கு எப்பிடிக் கழட்டுறது, எப்பிடித் தொடைக்கிறதுன்னு சொல்லிக் குடுத்தேன். கப்புனு புடிச்சிக்கினாங்க."

புடிச்சிக்கினாங்க. அந்த 'ங்க' வேறு. அதைவிட, சொல்லிக் கொடுத்தேன் என்றானே, அதுதான் சுருக்கென்று தைத்தது. இத்தனை வருசத்தில் இவளுக்கு ஒன்றையாவது அவன் சொல்லிக் கொடுத்திருக்கிறானா? வண்டியில் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறாள். அது எதனால் ஓடுகிறது, எதனால் நிற்கிறது, எதுவும் தெரியாது. நின்றால் இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். அதுதான் அவளுக்குத் தெரிந்த வேலை.

"எனக்கு எதுனா சொல்லிக் குடுத்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"ஒனக்கு எதுக்கு அது?" என்றான் அவன். கெட்ட எண்ணமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டான். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. அன்று அடுப்பில் கேப்பைக் களி அடிப்பிடித்தது. அவள் கிளறவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரே கேள்விதான். எங்கே போனீங்க, யாரைப் பார்த்தீங்க, எத்தனை நேரம். கடைசியில் ஒரு நாள் டூல்ஸ் பையை எடுத்து வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள் என்றாள். பை இருந்தால்தானே கை காட்டுவார்கள். சுப்பராயலு சொல்வதுதான் சரி என்றாள். துரைக்கண்ணு பையோடுதான் போனான். ஆனால் மறு வாரம் அவனே அந்தச் சுருளைக் கொண்டு வந்து அவள் முன்னால் போட்டான். ப்ளக் ஸ்பேனர் எங்கேயோ விழுந்துவிட்டது, திண்டிவனத்தில் வேறு வாங்கினேன், இது கட்டை, பையைக் கொஞ்சம் சின்னதாக்கு என்றான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் பையைச் சின்னதாக்கிக் கொடுத்தாள். நீலக் கரை போய்விட்டதே என்று மட்டும் ஒரு வருத்தம்.

இப்படி மூன்று மாசம் போனது. ஆயுத பூசை வந்தது.

போன இரண்டு வருசமும் வண்டியைக் கழுவி, பொட்டு வைத்து, மாலை போட்டு, பேருக்கு இரண்டு ஸ்பேனரை எடுத்துச் சாமி முன்னால் வைப்பார்கள். பை வண்டிப் பெட்டியிலேயே இருக்கும். இந்த வருசம் வெள்ளையம்மாள் விடியற்காலையிலேயே பெட்டியைத் திறந்து சுருளை முழுசாக எடுத்தாள். ஒவ்வொரு சாமானையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கலப்பை, மண்வெட்டி, களைக்கொட்டு, அரிவாள் எல்லாவற்றோடும் வரிசையாக வைத்துச் சந்தனம், குங்குமம் இட்டாள். பார்த்தவர்களுக்கு அது பக்தி. அவள் மனசுக்குள் இருந்த கணக்கு வேறு. நர்சம்மா லீவுக்கு விழுப்புரத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றும், சாயந்திரம் திரும்பிவிடுவாள் என்றும் லட்சுமியம்மாள் முந்தின நாளே சொல்லியிருந்தாள். பூசையில் வைத்த சாமானை மறுநாள் பிரிக்கிற வரைக்கும் யாரும் தொடமுடியாது. எந்தப் புருசனும் தொடமாட்டான். ஒரு நாளாவது லூனா நின்றால் நின்ற இடத்திலேயே நிற்கட்டும்.

இந்தக் குதூகலத்தில் அவள் மகள் பொன்னியைச் சரியாகக் கவனிக்கவில்லை. ஏழு வயசுப் பிள்ளை. முந்தின நாள் மல்லாட்டை பிடுங்கிய இடத்தில் பச்சைக்காயாக எத்தனை தின்றதோ, எந்தத் தண்ணீரைக் குடித்ததோ. காலையிலேயே இரண்டு தடவை வாந்தி. பத்து மணிக்கு வயிற்றாலே போக ஆரம்பித்தது. சீரகக் கஷாயம் கொடுத்தாள், நிற்கவில்லை. பூசை முடிந்து தேங்காய் உடைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, பொரியைக் கையில் கொடுத்தபோது பிள்ளை வாங்கவில்லை. மூன்று மணிக்குப் பார்த்தால் கண் உள்ளே போய்விட்டது. கூப்பிட்டால் திரும்பவில்லை.

துரைக்கண்ணு வண்டியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தான். விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம், ஜல்தியா ஏறு என்றான். சொல்லிவிட்டு டூல்ஸ் பையை எடுக்கச் சாமி இருந்த அறைக்குள் போனான். வெள்ளையம்மாள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படியில் குறுக்கே நின்றாள்.

"பூசையில வெச்சத எடுக்காதீங்க. நாளைக்குக் காத்தால பிரிச்சாதான் தொடணும்."

"வழியில வண்டி நின்னுட்டா?"

"கொழந்த இப்பிடிக் கெடக்குது. சாமி குத்தம் வேற சேத்துக்கணுமா?"

அவன் சந்தனப் பொட்டோடு கிடந்த சாமான்களைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான், திரும்பி நடந்துவிட்டான். சாமி குத்தம் என்றால் யாருக்குத்தான் கை வரும்? வெள்ளையம்மாளுக்கும் அந்தப் பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. இதே ரோட்டில்தானே அந்த நர்சம்மா எதிரே வருவாள். பெற்ற பிள்ளை தோளில் துவண்டு கிடக்கிற அந்த நேரத்திலும் அந்த எண்ணம் வந்தது. வந்ததை அவள் அறிந்தாள். அறிந்தும் விலகி வழிவிடவில்லை.

கெடார் தாண்டும் வரைக்கும் வண்டி நன்றாகத்தான் போனது. வானம் மேற்கே கறுத்திருந்தது. ரோட்டில் அங்கங்கே உடைத்த பூசணிக்காய், குங்குமத் தண்ணீர். அதற்கப்புறம் ஒரு கல்லு தூரம்கூடப் போகவில்லை, ராஜ்தூத் இரண்டு தடவை இருமியது, ஒரு தடவை குலுங்கியது, நின்றது. துரைக்கண்ணு உதைத்தான். உதைத்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடியும் உதைத்தான்.

"ப்ளக்கு அடச்சிக்கிச்சி" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

துண்டைச் சுற்றிக்கொண்டு வெறும் கையால் ப்ளக்கைத் திருகிப் பார்த்தான். துண்டு வழுக்கிக் கை பட்டது. மூன்று விரல் நுனி வெந்துபோனது. வெள்ளையம்மாளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலாம் போல இருந்தது.

கொஞ்ச தூரத்தில் ரோட்டோரம் ஒரு மெக்கானிக் ஷெட்டு தெரிந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். இரண்டு பக்கமும் வாழை கட்டியிருந்தது. உள்ளே பலகை போட்டு, அம்மன் படத்துக்கு முன்னால் சின்ன ஸ்பேனர் முதல் பெரிய ஜாக்கி வரை வரிசையாகச் சந்தனப் பொட்டோடு கிடந்தன. அவள் வீட்டில் கிடந்த மாதிரியே. ஷெட்டுக்காரன் கோதண்டபாணி குளித்துப் புது வேட்டி கட்டிக்கொண்டு, கை முழுக்கப் பொரியோடு உட்கார்ந்திருந்தான். விசயத்தைக் கேட்டதும் பொரியைக் கீழே வைத்தான்.

"அண்ணே, இன்னிக்கு வந்து கேக்குறீங்களே. பூசையில ஏத்திட்டேன். நாளைக்குக் காத்தால பிரிச்சாதான் தொடணும்" என்றான்.

வாசற்படியில் அவள் சொன்ன அதே வார்த்தை. ஒரு எழுத்து மாறவில்லை. அவனை என்ன சொல்லித் திட்டுவது? வெள்ளையம்மாள் பிள்ளையின் முகத்தை மூடியிருந்த முந்தானையை விலக்கிக் காட்டினாள். கோதண்டபாணி பார்த்துவிட்டு எழுந்து நின்றான். அவன் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. அவன் அப்பா ஒரு வருசம் பூசைச் சாமானை எடுத்து லாரிக்கு ஜாக்கி போட்டாராம். ஜாக்கி சரிந்து இரண்டு விரல் போய்விட்டதாம். அதை இப்போது சொன்னான். சொல்லிவிட்டு, எதுக்கும் உள்ளே ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று பின்பக்கம் வீட்டுக்குப் போனான். உள்ளே ஒரு பெண்குரல் கேட்டது. நேரம் போனது.

பஸ் எல்லாம் டிப்போவில் பூசையில் நின்றதோ என்னவோ, ரோட்டில் ஒன்றையும் காணோம். ஒரு தூறல் போட்டு நின்றது. அப்போதுதான் விழுப்புரம் பக்கமிருந்து டர்ரென்று சின்னதாக ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை மூன்று மாசமாக வீட்டுக்குள் இருந்தபடியே காது கொடுத்துக் கேட்டுக் கேட்டு வெள்ளையம்மாளுக்கு அது மனப்பாடம்.

இருதயமேரி லூனாவை நிறுத்தியதும் முதலில் துரைக்கண்ணுவைப் பார்க்கவில்லை. பிள்ளையைப் பார்த்தாள். நேரே வந்து வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தாள், நாக்கைப் பார்த்தாள். எத்தனை தடவை போனது, கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனாள் என்று கேட்டாள். வெள்ளையம்மாளுக்குச் சொல்லத் தெரியவில்லை. தோள் பையிலிருந்து உப்பு சர்க்கரைத் தூள் பொட்டலம் ஒன்றை எடுத்து, ஷெட்டுக்காரன் வீட்டிலிருந்து கொதித்து ஆறின தண்ணீர் வாங்கிக் கலக்கி, கரண்டி கரண்டியாக ஊற்றச் சொன்னாள். வாந்தி எடுத்தாலும் விடாதீங்க, ஊத்திக்கினே இருங்க அக்கா என்றாள்.

அப்போது துரைக்கண்ணு கேட்டான்.

"சிஸ்டர், அந்த ப்ளக் ஸ்பேனரு இருக்குதா?"

"இருக்குதுண்ணே."

அந்த ப்ளக் ஸ்பேனர். கரண்டி வெள்ளையம்மாளின் கையில் நின்றுவிட்டது. இருதயமேரி லூனாவின் பைக்குள் கையை விட்டு எடுத்தாள். நீளக் குழாய், தலையில் கம்பி, கம்பியைச் சுற்றி ஒரு நீலக் கரை. எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தது. இரட்டை முடிச்சு.

எங்கேயோ விழுந்துவிட்டது என்றானே. இந்த நர்சம்மா மடியில் விழுந்திருக்கிறது. வெள்ளையம்மாளுக்குக் கத்த வேண்டும், அந்த ஸ்பேனரைப் பிடுங்கிக் கண்காணாமல் எறிய வேண்டும் போல இருந்தது. மடியில் பிள்ளை. கரண்டியை வாய்க்குக் கொண்டு போனாள். பாதி சிந்தியது.

துரைக்கண்ணு கையை நீட்டினான். வெந்த விரலைப் பார்த்துவிட்டு இருதயமேரி கொடுக்கவில்லை. நானே கழட்டுறேன் என்று வெள்ளைச் சேலையை முழங்காலுக்குள் இடுக்கிக்கொண்டு ராஜ்தூத்துக்குப் பக்கத்தில் குந்தினாள். ஒயரை உருவினாள். ஸ்பேனரைப் பொருத்தினாள். ஒரே அழுத்து, ப்ளக் இளகியது. உப்புத்தாளால் கரியைத் தேய்த்து, ஊதி, அட்டைத் துண்டு ஒன்றை இடுக்கில் விட்டுப் பார்த்து, மறுபடியும் மாட்டினாள். வாட்ச் கட்டின கை ஒரு தடவைகூடத் தயங்கவில்லை.

வெள்ளையம்மாள் அந்தக் கையைப் பார்க்கவில்லை. புருசனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அவள் பயந்த மாதிரி எதுவும் இல்லை. ஆசை இல்லை, களவு இல்லை. ஒரு பெருமை இருந்தது. தான் சொன்னதை ஒருத்தி அச்சாகச் செய்கிறாளே என்கிற பெருமை. அந்த முகத்தை அவன் இவளுக்கு ஒரு நாளும் காட்டியதில்லை. களவாக இருந்தால் மயிரைப் பிடித்து இழுத்துச் சண்டை போடலாம். இதற்கு என்ன செய்வது?

ஒரே உதையில் வண்டி பிடித்துக்கொண்டது. வெள்ளையம்மாள் ஏறும்போது கேட்டுவிட்டாள். கேட்காமல் அவளால் போக முடியாது.

"அது எங்கூட்டு ஸ்பேனரு."

"ஆமாங்க்கா" என்றாள் இருதயமேரி. கண்ணைத் தாழ்த்தவில்லை. "அண்ணன்தான் குடுத்தாரு. 'இனிமே நான் நடுரோட்ல குந்த முடியாது, ஊட்ல மனத்தாங்கலாவுது, நீங்களே கழட்டிக்குங்க'ன்னாரு. மூணு மாசம் ஆவுது. அதுக்கப்பறம் அண்ணன நான் நிறுத்தினதே இல்ல. ஜல்தி போங்க, கொழந்தையப் பாருங்க."

வண்டி கிளம்பியது. கோதண்டபாணி கையில் கற்பூரத் தட்டோடு பின்பக்கமிருந்து ஓடி வந்தான். கற்பூரம் ஏற்றிச் சாமியைக் கேட்டுவிட்டு எடுக்கலாம் என்று வீட்டுக்காரி ஒப்புக்கொண்டாள் போலிருக்கிறது. வண்டி போய்விட்டதைப் பார்த்து அங்கேயே நின்றான்.

ஆஸ்பத்திரியில் பொன்னிக்கு நாலு பாட்டில் ஏற்றினார்கள். வழியில் தண்ணீர் கொடுத்திராவிட்டால் ஊசி போட நரம்பே கிடைத்திருக்காது என்று அங்கே ஒரு டாக்டரம்மா சொன்னாள். மூன்றாம் நாள் பிள்ளை இட்லி கேட்டது. அந்த மூன்று நாளும் புருசனும் பெண்சாதியும் ஸ்பேனரைப் பற்றிப் பேசவில்லை. அவன் விரலில் கொப்புளம் கட்டி உடைந்தது. அவள் மருந்து போட்டாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்துதான். பிய்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பூசை வைத்தது வைத்தபடி கிடந்தது. பூ காய்ந்து, பொரியில் எறும்பு. வெள்ளையம்மாள் குளித்துவிட்டு வந்து பிரித்தாள். ஒவ்வொன்றாகப் பொட்டைத் துடைத்துக் காக்கிப் பைக்குள் சொருகினாள். பார்க்காமலே சொருகினாள், கைக்கு இடம் தெரிந்தது. சுருட்டிக் கட்டி நிமிர்ந்தால் துரைக்கண்ணு வாசற்படியில் நின்றான்.

"வண்டியில வெக்கட்டுமா, வாணாமா? நீயே சொல்லு" என்றான்.

"வெய்ங்க" என்றாள்.

அவன் வாங்கிக்கொண்டு போனான். பொய் சொன்னது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று பார்த்தாள். சொல்லவில்லை. அவளும் அன்றைக்கு வழி மறித்தது தப்பு என்று சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே அச்சு.

மறுநாள் அவன் விழுப்புரம் மார்க்கெட் கமிட்டிக்கு மல்லாட்டை ஏற்றிக்கொண்டு போன பிறகு, வெள்ளையம்மாள் ஒரு சின்னப் பானையில் பச்சை மல்லாட்டையை அவித்துத் துணியில் முடிந்துகொண்டு கிளம்பினாள். அவள் போவதை லட்சுமியம்மாள் பார்த்தாள். சண்டைக்குத்தான் போகிறாள் என்று நினைத்துக் கூட வரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றாள்.

சப்-சென்டர் வாசலில் பிள்ளைகளை எடை போடுகிற தராசு தொங்கியது. பக்கத்தில் லூனா நின்றது. இருதயமேரி அவளைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைப் போட்டாள். பொன்னி எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். டீ போட்டுக் கொடுத்தாள். அவள் கையால் தண்ணீர்கூட வாங்கியிராத வெள்ளையம்மாள் டீயை முழுசும் குடித்தாள். குடித்து முடிக்கிற வரைக்கும் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

இருதயமேரியே உள்ளே போய் ஸ்பேனரை எடுத்து வந்து நீட்டினாள்.

"எடுத்துக்கினு போங்கக்கா. நான் வேற வாங்கிக்கிறேன். ஒங்க மனசு கஷ்டப்படக் கூடாது."

"எடுத்துக்கினு போவ வர்ல. எனக்கு அத்தக் கழட்டக் கத்துக் குடு."

"அண்ணனக் கேட்டா அவுரே சொல்லுவாரே?"

"அவுரக் கேக்க மாட்டேன். கேட்டு ஒரு தடவ அவமானப்பட்டது போதும்." குரல் இறங்கியது. "நீ சொல்லு. அன்னிக்கு ஏரிக்கரையில அவுரு ஒனக்கு எப்பிடிச் சொல்லிக் குடுத்தாரோ, அப்பிடியே சொல்லணும். ஒரு வார்த்த உடக்கூடாது."

வந்தவள் ஒன்றைக் கேட்கவில்லை, கழட்டுகிற வித்தையையும் புருசன் பேசின பேச்சையும் சேர்த்து இரண்டைக் கேட்கிறாள் என்று இருதயமேரிக்கு விளங்கியது. சிரிக்கவில்லை. லூனாவைத் தள்ளி வந்து வெளிச்சத்தில் நிறுத்தினாள். நினைவுபடுத்திக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்.

"மொதல்ல பையப் பிரிச்சாரு. தரையில விரிச்சி வெச்சிட்டு, 'இது எங்க ஊட்ல தெச்சது, சிஸ்டர். ஒவ்வொரு சாமானுக்கும் அளவு பாத்துத் தெச்சிருக்கா. கண்ண மூடிக்கினு கைய உட்டாலும் எது எங்க இருக்குதுன்னு தெரியும். இந்த மாதிரி கடையில கெடைக்காது'ன்னாரு. அந்த நீலக் கரையக் காட்டி, 'இதுகூட அவ கட்டினதுதான், ரெண்டு வருசமா அவுறல பாருங்க'ன்னாரு."

வெள்ளையம்மாள் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த முடிச்சைப் பார்த்தாள். முகம் கோணியது. அழுகையா, ஆத்திரமா என்று அவளுக்கே தெரியவில்லை. பை தைத்துக் கொடுத்த அன்றைக்கு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது.

"பாத்தியா அந்த மனுசன. எனக்குச் சொல்ல வேண்டியத ஒங்கிட்ட வந்து சொல்லியிருக்கிறாரு" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு முந்தானையால் கையைச் சுற்றினாள். லூனாவுக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"அப்பறம் என்னா சொன்னாரு? உடாம சொல்லு."